கடலோரமாகக் கன்னியாகுமரி வரை சைக்கிளில்: கூடாரமா, கொசுவலையா, லாட்ஜா? அதற்கு எந்தப் பை?

சென்னையிலிருந்து கடலோரமாகவே கன்னியாகுமரி வரை சைக்கிளில் போக ஆசைப்படுகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது ‘என்ன சைக்கிள் வாங்கலாம்?’ என்றுதான். அடுத்து ‘என்ன பை வாங்கலாம்?’. ராத்திரி எங்கே படுப்பது என்று யாரும் கேட்பதில்லை, அதைப் போகிற இடத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். இரண்டு முறை இந்தப் பாதையில் போயிருக்கிறேன். முதல் முறை தனியாக, 24 கிலோ மூட்டையோடு. இரண்டாவது முறை மனைவியோடு, ஆளுக்கு 11 கிலோவுக்குள். இரண்டையும் வைத்துப் பார்த்தால், படுக்கிற இடத்தை முதலில் முடிவு செய்துவிட்டால் பை, கேரியர், சக்கரம், அடுப்பு எல்லாம் அதன் பின்னாலேயே தானாக முடிவாகிவிடும், அதைக் கடைசிக்கு ஒத்திப்போட்டால் எல்லாவற்றையும் ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று கட்டிக்கொண்டு போக வேண்டியிருக்கும்.

அதனால் அந்த வரிசையிலேயே சொல்கிறேன்.

பாதை ஏறக்குறைய 800 கி.மீ. புதுச்சேரி, கடலூர், சிதம்பரம், தரங்கம்பாடி, காரைக்கால், நாகப்பட்டினம், வேளாங்கண்ணி, முத்துப்பேட்டை, தொண்டி, ராமநாதபுரம், கீழக்கரை, சாயல்குடி, தூத்துக்குடி, திருச்செந்தூர், உவரி என்று போகும். மலை ஏற்றம் என்று ஒன்றும் கிடையாது. மூட்டையோடு ஒரு நாளைக்கு 70, 80 கி.மீ. மிதித்தால் 10, 11 நாள். பருவத்தைப் பற்றி நான் ஒப்பிடப்போவதே இல்லை, ஜனவரி நடுவிலிருந்து பிப்ரவரி கடைசி வரைதான். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்திருக்கும், ஆனால் அந்தத் திசையிலிருந்து காற்று இன்னும் வீசிக்கொண்டிருக்கும், நாம் தெற்கும் தென்மேற்குமாகப் போவதால் அது முதுகில் கை வைத்துத் தள்ளும். இதே பாதையைக் கன்னியாகுமரியிலிருந்து சென்னைக்கு இந்த மாதங்களில் மிதித்தால் அதே காற்று முகத்தில் அடிக்கும். மார்ச்சில் வெயில் ஏறிவிடும்.

சரி, படுக்கை.

கையில் இருக்கிற வழிகள் நான்கு: கூடாரம், கொசுவலையோடு ஏதாவது ஒரு கூரையடி, இரண்டு மரத்துக்கு நடுவே கட்டும் ஹாமக் என்கிற தூளி, லாட்ஜ்.

தூளியை முதலிலேயே தள்ளிவிடலாம். எடை ஒரு கிலோகூட வராது, பார்க்கவும் அழகு, நானும் முதலில் அதைத்தான் வாங்க நினைத்தேன். ஆனால் இந்தக் கடற்கரையில் சரியான இடைவெளியில் நிற்கிற இரண்டு மரம் என்றால் பெரும்பாலும் தென்னந்தோப்பு. அது யாருடையதோ, ராத்திரி தேங்காயும் மட்டையும் விழும். சவுக்குத் தோப்பில் மரம் மெலிசு, அதற்கும் சொந்தக்காரர் உண்டு. ராமநாதபுரத்துக்குப் போய்விட்டால் கண்ணுக்கெட்டிய தூரம் சீமைக்கருவேலம், அதில் எங்கே கட்டுவது? மலைக்காட்டுப் பக்கம் போகிறவர்களுக்குத் தூளி நல்ல பொருள். நமக்கு இல்லை.

லாட்ஜ் வசதிதான், அதைச் சொல்ல வெட்கப்பட வேண்டியதில்லை. நாங்கள் தங்கியவற்றில் ஒரு ராத்திரிக்கு 600 முதல் 900 ரூபாய் வரை ஆனது. குளிக்கலாம், துணி துவைத்துக் காயப்போடலாம், செல்போனுக்குச் சார்ஜ் ஏற்றலாம். சைக்கிளை அறைக்குள்ளேயே எடுத்துக்கொள்ள விடுகிறார்களா என்று சாவி வாங்கும் முன்பே கேட்டுவிடுங்கள். சிக்கல் என்னவென்றால் லாட்ஜ் நமக்குத் தோதான தூரத்தில் இருப்பதில்லை. புதுச்சேரி, சிதம்பரம், நாகப்பட்டினம், வேளாங்கண்ணி, ராமநாதபுரம், தூத்துக்குடி, திருச்செந்தூர் என்று பெரிய ஊர்களில் எத்தனை வேண்டுமானாலும் உண்டு. நடுவில் இருக்கிற நீளமான துண்டுகளில், குறிப்பாக முத்துப்பேட்டைக்கும் ராமநாதபுரத்துக்கும் இடையிலும் சாயல்குடி பக்கத்திலும், தேடி அலைய வேண்டும். லாட்ஜை மட்டும் நம்பிப் போனால் ஒரு நாள் 45 கி.மீ.யோடு நின்றுவிட வேண்டிவரும், மறுநாள் 115 மிதிக்க வேண்டிவரும். அப்படி மிதித்த நாளில் கடலோரத்து மனோரா கோட்டையையும் நின்று பார்க்க முடியாது, மீன் இறங்குகிற கரையையும் பார்க்க முடியாது, தலையைக் குனிந்துகொண்டு மைல்கல்லை எண்ணுவதோடு சரி.

மிச்சம் இருப்பது கூடாரமும் கொசுவலையும். உண்மையான போட்டி இவை இரண்டுக்கும் நடுவில்தான்.

கொசுவலையின் நியாயம் இது. நம் ஊரில் கூரைக்குப் பஞ்சமில்லை. கோயில் மண்டபம், சர்ச் வளாகம், தர்கா, மீன் ஏலக்கூடம், பள்ளிக்கூடத் தாழ்வாரம், சுனாமிக்குப் பிறகு கட்டிய புயல் பாதுகாப்பு மையம் என்று பத்து கி.மீ.க்குள் ஏதோ ஒன்று தட்டுப்படும். கேட்டால் பெரும்பாலும் இல்லை என்று சொல்ல மாட்டார்கள். திருச்செந்தூர் பக்கம் தைப்பூசத்தை ஒட்டிப் போனால் பாதயாத்திரைக்காரர்களுக்கென்றே வழியெல்லாம் பந்தல் போட்டுத் தண்ணீரும் சாப்பாடும் வைத்திருப்பார்கள், பக்கத்தில் படுக்க இடமும் கிடைக்கும். கம்பியை விரித்தால் தானாக நிற்கும் ஒற்றை ஆள் கொசுவலை ஒரு கிலோவுக்குள், விலையும் கம்மி. அதோடு ஒரு பாய், ஒரு போர்வை. அவ்வளவுதான் படுக்கை.

அதில் எனக்கு இருக்கிற தயக்கம் இரண்டு. ஒன்று பனி. ஜனவரியில் கடலோரத்தில் விடியற்காலை இறங்குகிற பனியைச் சாதாரணமாக நினைக்காதீர்கள், கூரை இல்லாத இடத்தில் படுத்தால் நாலு மணிக்குப் போர்வையைப் பிழியலாம். இரண்டாவது மறைவு. ஏலக்கூடம் என்பது பொது இடம், விளக்கு எரியும், ஆள் வந்து போவார்கள். கொசுவலைக்குள் படுத்திருப்பது கண்ணாடிப் பெட்டிக்குள் படுத்திருப்பது மாதிரி. தனியாகப் போகிற ஆண் சமாளித்துக்கொள்வார். மனைவியோடு போனபோது அது சரிப்படாது என்று கிளம்பும் முன்பே இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது, உடை மாற்ற நாலு பக்கமும் துணி வேண்டும்.

அதனால் கூடாரம். ஆனால் எந்தக் கூடாரம் என்பதில்தான் காசும் எடையும் வீணாகிறது. குளிருக்குச் செய்த, உள்ளேயும் கனமான துணி வைத்த கூடாரம் நமக்கு அடுப்பு மாதிரி. ராத்திரியில் 21, 22 டிகிரிக்குக் கீழே அதிகம் இறங்காத ஊர் இது. உள்கூடு முழுக்க வலையாக இருக்க வேண்டும், மேலே போர்த்துகிற துணி தனியாகக் கழன்று வர வேண்டும். மண்டபத்துக்குள் படுத்தால் வலை மட்டும், வெட்டவெளியில் படுத்தால் பனிக்கு மேல்துணியும். இதைவிட முக்கியம், முளை அடிக்காமலே தானாக நிற்கிற வகையாக இருக்க வேண்டும். காரணம் நாம் படுக்கிற இடம் ஒன்று சிமென்ட் தரை, இல்லையென்றால் மணல். சிமென்ட்டில் முளை இறங்காது, மணலில் நிற்காது. மணலில் காற்று பலமாக இருந்தால் ஒரு பிளாஸ்டிக் பையில் மணலை நிரப்பி, கூடாரக் கயிற்றை அதில் கட்டி ஒரு சாண் ஆழத்தில் புதைத்தால் அசையாது. இரண்டு பேர் கூடாரம் 2 முதல் 2.5 கிலோ. ஒருவர் துணியையும் இன்னொருவர் கம்பிகளையும் எடுத்துக்கொண்டால் ஆளுக்கு ஒரு கிலோ சொச்சம்.

இரண்டாவது பயணத்தில் நாங்கள் செய்தது கலவை: ஆறு ராத்திரி கூடாரம், நாலு ராத்திரி லாட்ஜ். மூன்று நாளுக்கு ஒரு முறை லாட்ஜ் என்று வைத்துக்கொண்டால் துவைத்துக் குளித்து எழுந்திருக்கலாம். நான் யாருக்கும் சொல்வது இதைத்தான்.

நாகப்பட்டினத்துக்கு வடக்கே ஒரு மீனவர் குப்பத்தில் ஏலக்கூடத்தில் கூடாரம் போட்டோம். மாலையில் ஊர்ப் பஞ்சாயத்தாரில் ஒருவரைப் பார்த்துக் கேட்டதும், “கரையில வேணாம் தம்பி, நாய் தொந்தரவு. இங்க சிமென்ட் தரையில போட்டுக்கங்க, மூணு மணிக்கு வண்டி வரும், அப்ப மட்டும் ஓரமா நகந்துக்கங்க” என்றார். தரையைக் குழாய்த் தண்ணீரில் கழுவி விட்டிருந்தார்கள், ஆனாலும் மீன் வாடை சிமென்ட்டுக்குள் ஊறியிருந்தது. சொன்னபடியே மூன்று மணிக்கு மேல் மினிலாரி வெளிச்சம் வலையில் அடித்தது. ஐஸ் பெட்டியை இழுக்கிற சத்தம், படகு மோட்டார் சத்தம், அதற்குள் ஓர் அம்மா கூடாரத்துக்கு வெளியே நின்று, “டீ சொல்லட்டுமா பாப்பா?” என்று மனைவியைக் கேட்டார். மேல்துணி போடாததால் வலை வழியாகவே இருவரும் பேசிக்கொண்டார்கள். நாலு மணிக்கெல்லாம் நாங்களும் மூட்டை கட்டிவிட்டோம். அன்றைக்கு வெயில் ஏறும் முன் 50 கி.மீ. முடித்தோம்.

கேட்காமல் எங்கேயும் படுக்காதீர்கள். இது மரியாதைக்கு மட்டுமல்ல, கடலோரத்தில் காவல் உண்டு. ராமநாதபுரம் மாவட்டக் கரையில் இலங்கை பக்கம் என்பதால் கூடுதலாகவே விசாரிப்பார்கள். ஆதார் நகல் ஒன்று கைக்கு எட்டுகிற பையில் இருக்கட்டும். கல்பாக்கம், கூடங்குளம் அணுமின் நிலையங்களை ஒட்டியும், இஸ்ரோ ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டிய குலசேகரன்பட்டினத்தை ஒட்டியும் கூடாரம் என்ற பேச்சே வேண்டாம். கோடியக்கரையில் காடு வனவிலங்குச் சரணாலயம், வெளிமான் திரிகிற இடம், பகலில் பார்த்துவிட்டு வேதாரண்யத்துக்குத் திரும்பிவிடுங்கள். இன்னொன்றையும் மனதாரக் கேட்டுக்கொள்கிறேன். ஜனவரியிலிருந்து மார்ச் வரை பங்குனி ஆமை கரையேறி முட்டையிடுகிற காலம், நாம் போவதும் அதே காலம். கரையில் வெளிச்சம் இருந்தால் தாய் ஆமை ஏறாமலே திரும்பிவிடும், பொரித்து வருகிற குஞ்சும் கடலை விட்டுவிட்டு விளக்கைப் பார்த்து நகரும். அலைக்குப் பக்கத்து மணலில் படுக்கவும் வேண்டாம், டார்ச் அடிக்கவும் வேண்டாம்.

இப்போது பை

படுக்கை முடிவானதும் எடை தெரிந்துவிடும். ஒற்றை ஆளுக்குக் கூடாரம், பாய், போர்வை, துணி, பழுதுபார்க்கும் சாமான், மருந்து எல்லாம் சேர்த்து தண்ணீர் இல்லாமல் 10, 12 கிலோ. இதை வைக்க மூன்று வழி. கேரியரின் இரண்டு பக்கமும் பொதி மாதிரித் தொங்குகிற பேனியர் பைகள், சீட்டுக்குப் பின்னாலும் ஹேண்டில்பாரிலும் ஃபிரேம் என்கிற சட்டத்துக்குள்ளும் கட்டுகிற பைக்பேக்கிங் பைகள், பின்னால் இழுத்துப்போகிற டிரெய்லர்.

டிரெய்லரைப் பற்றிச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். பாப் யாக் மாதிரியான ஒற்றைச் சக்கர டிரெய்லர் வெறும் வண்டியே 6 கிலோ, 32 கிலோ வரை தாங்கும். நமக்கு 32 கிலோ எதற்கு? சக்கரமும் 16 அங்குலம், வழியில் டியூப் போனால் அந்த அளவைத் தேட வேண்டும். ரயிலில் திரும்பும்போது அது இன்னொரு பார்சல். கைக்குழந்தையோடு போகிற குடும்பத்துக்குக் குழந்தை டிரெய்லர் என்பது வேறு விஷயம், அதை இதோடு சேர்க்க வேண்டாம்.

பைக்பேக்கிங் பைகளைக் கடையில் நிறையக் காட்டுகிறார்கள், பார்க்கவும் கச்சிதமாக இருக்கும். சீட்டுப்பை 10 முதல் 16 லிட்டர், ஹேண்டில் உருளை 10 முதல் 14, சட்டப்பை 4 முதல் 6. கூட்டினால் 30 லிட்டர் சொச்சம் வருகிறது, கணக்குப்படி போதும். கேரியர் வேண்டாம், சைக்கிள் ஒல்லியாகவே இருக்கும், எதிர்க்காற்றில் நன்மை, கரடுமுரடான பாதையில் கடகடவென்று ஆடாது. ஆனால் என் அனுபவத்தில் இது காட்டுப்பாதைக்கும் மலைப்பாதைக்கும் செய்த பை. கடலோரத் தார்ச்சாலையில் அதன் நன்மைகள் பெரிதாக வேலைக்கு ஆகவில்லை, தொல்லைகள் மட்டும் தினமும் இரண்டு வேளை வந்தன. நண்பர் ஒருவரிடம் வாங்கி ஒரு வாரக் கடைசியில் செய்யூர் வரை ஓட்டிப் பார்த்தேன். சீட்டுப்பையில் எதை எடுக்க வேண்டுமானாலும் உருட்டிய வாயை அவிழ்த்து, மேலே இருப்பதையெல்லாம் வெளியே எடுத்து, அடியில் இருப்பதை உருவ வேண்டும். திரும்ப அடைக்கும்போது இறுக்கம் ஒரு சுற்று குறைந்தால் மிதிக்க மிதிக்கப் பை இடமும் வலமும் ஆடும், தொடையின் பின்பக்கம் உரசும். ஈரமான கூடாரத் துணியை ஹேண்டில் உருளையில் சுற்றினால் பிரேக் கேபிளும் லைட்டும் இடிக்கும். நடுவழியில் ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கினால் வைக்க இடமில்லை. இந்தக் கடைசிக் குறை சின்னதாகத் தோன்றும். பத்து நாள் பயணத்தில் பழமும் தண்ணீரும் உடன்குடிக் கருப்பட்டியும் அவ்வப்போது சேர்ந்துகொண்டே இருக்கும்.

ஒரே ஒரு நிலையில் பைக்பேக்கிங் பைதான் வழி: உங்கள் சைக்கிளில் கேரியர் மாட்டுகிற திருகுத் துளைகள் இல்லையென்றால். இப்போது வருகிற பல ரோடு பைக்குகளிலும் எம்டிபி என்கிற மலைப்பாதைச் சைக்கிள்கள் சிலவற்றிலும் அவை இருப்பதில்லை. பின் சக்கர அச்சுக்கு மேலேயும் சீட்டுக்குக் கீழேயும் இரண்டு பக்கமும் ஒவ்வொரு துளை இருக்கிறதா என்று இப்போதே குனிந்து பாருங்கள். இல்லையென்றால் சீட் கம்பியில் மட்டும் கவ்வுகிற கேரியர் ஒன்று இருக்கிறது, அதன் மேல் 9, 10 கிலோவுக்கு மேல் வைக்கக் கூடாது, கார்பன் சீட் கம்பியாக இருந்தால் அதையும் மாட்டக் கூடாது.

என் முடிவு பேனியர்தான், அதுவும் பின்பக்கம் மட்டும், இரண்டும் சேர்த்து 40 லிட்டருக்குள். அலுமினிய கேரியர்கள் பெரும்பாலும் 25 கிலோ வரை தாங்கும் என்று போட்டிருப்பார்கள், அதில் பாதியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கொக்கியில் மாட்டுவதும் கழற்றுவதும் ஒரு நொடி. ராத்திரி பையை மட்டும் கூடாரத்துக்குள் எடுத்துக்கொள்ளலாம், டீக்கடையில் உட்கார்ந்தபடியே எது எந்தப் பையில் என்று கண் பார்வையில் வைத்திருக்கலாம். கனமானது அடியில், அச்சுக்குப் பக்கத்தில். மிதிக்கும்போது குதிகால் பையில் இடிக்கிறதா என்று கட்டிய உடனே பார்க்க வேண்டும், இடித்தால் கொக்கியை அரை அங்குலம் பின்னால் தள்ள வேண்டும். கூடாரம் கேரியரின் மேலே குறுக்கே படுக்கும். அதைக் கட்ட விலை உயர்ந்த பட்டைகள் வேண்டாம். சைக்கிள் கடையில் பழைய டியூப் கேட்டால் சும்மாவே கொடுப்பார்கள், நீளவாக்கில் கிழித்து இரண்டு சுற்று இழுத்து முடிச்சுப் போட்டால் 800 கி.மீ.க்கும் நெகிழாது. பால்காரரும் இடியாப்பம் விற்பவரும் ஐம்பது வருடமாகக் கட்டுகிற கட்டு அது.

முன்பக்கமும் ஒரு ஜோடி பை போட்டால் என்ன என்று கேட்பார்கள். இடம் இருந்தால் அதை நிரப்பிவிடுவோம், அதுதான் அதில் உள்ள ஆபத்து. முதல் பயணத்தில் நான் பின்னால் இரண்டு பெரிய பை, மேலே ஒரு மூட்டை, முன்னால் ஒரு பெட்டி என்று 24 கிலோ ஏற்றினேன். ஆறாம் நாள் தேவிபட்டினத்துக்கு முன்னால் பின் சக்கரத்தில் ‘டிங்’ என்று ஒரு சத்தம். பல்சக்கரம் இருக்கிற பக்கத்தில் ஒரு ஸ்போக் தலையோடு முறிந்து, சக்கரம் பிரேக் கட்டையில் உரசி உரசி நின்றது. என்னிடம் மாற்று ஸ்போக் இல்லை. ஆறு கி.மீ. தள்ளிக்கொண்டு போனேன். ஒரு பெட்டிக்கடை அளவிலிருந்த சைக்கிள் கடையில் பெரியவர் ஒருவர், பல்சக்கரத்தைக் கழற்றும் கருவி இல்லாமலேயே, கொஞ்சம் நீளமான ஸ்போக் ஒன்றை எடுத்து, தலையை நறுக்கி, நுனியைக் கொக்கி மாதிரி வளைத்துத் துளைக்குள் நுழைத்து மாட்டிவிட்டார். பிறகு சக்கரத்தைச் சுழலவிட்டு, கட்டை விரலை ரிம் ஓரத்தில் வைத்துக்கொண்டே கோட்டம் எடுத்தார். விரலில் இடிக்கிற இடத்தில் நிறுத்தி அரைத் திருகு, மறுபடி சுழற்றல், மறுபடி அரைத் திருகு. கால் மணி நேரம் ஆனது. “பாரத்த குறைங்க, இது தாங்குற சக்கரம் இல்ல” என்றார். ராமநாதபுரத்தில் ஏழு கிலோவைக் கூரியரில் வீட்டுக்கு அனுப்பினேன். அதில் ஒரு பொருளைக்கூட அதற்குப் பிறகு தேடவில்லை.

அடுப்பா, கடையா

அந்த ஏழு கிலோவில் அடுப்பு, பாத்திரம், அரிசி, பருப்பு, மசாலா மட்டும் நாலு கிலோ. கூடாரம் என்றாலே கூடவே சமையல் என்று மனதில் படிந்துவிட்டது, வெளிநாட்டு வீடியோக்களில் எல்லோரும் சமைப்பார்கள். அவர்கள் போவது 100 கி.மீ.க்கு ஒரு கடை இருக்கிற ஊர். இங்கே ஆறு மணிக்கு இட்லி வெந்திருக்கும், பதினோரு மணி வெயிலில் மோர் கிடைக்கும், ராத்திரி எட்டு மணிக்குப் பரோட்டா கல் தட்டுகிற சத்தம் அடுத்த ஊரிலிருந்தே கேட்கும். காஸ் குப்பியையும் பெட்ரோல் ஊற்றிய அடுப்பையும் ரயிலில் எடுத்து வரவும் அனுமதி கிடையாது, திரும்பும்போது என்ன செய்வீர்கள்? அடுப்பு வேண்டாம்.

ஒரே ஒரு விதிவிலக்கு பொங்கல். ஜனவரி 14லிருந்து மூன்று நாலு நாளைக்குச் சின்ன ஊர்களில் ஹோட்டல், டீக்கடை, சைக்கிள் கடை எல்லாமே மூடியிருக்கும். பொங்கல் முடிந்து 18, 19 தேதியில் கிளம்புங்கள். தேதியை மாற்ற முடியாது என்றால் அவல், வெல்லம், வேர்க்கடலை ஒரு கிலோ வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீரில் ஊறிய அவலுக்கு நெருப்பு தேவையில்லை.

தண்ணீர் மட்டும் குறைக்காதீர்கள். சட்டத்தில் இரண்டு பாட்டில், பேனியரில் இரண்டு லிட்டர் மடக்குப் பை ஒன்று. ராமநாதபுரம், சாயல்குடி பக்கம் நிலத்தடி நீர் உப்பு, குழாய்த் தண்ணீரை நம்ப முடியாது. கேன் தண்ணீர் விற்கிற கடையில் பாட்டிலை நீட்டினால் சில்லறைக்கு நிரப்பித் தருவார்கள். பெட்ரோல் பங்க்கில் குடிநீர், கழிப்பறை, காற்று மூன்றும் இலவசமாகக் கிடைக்க வேண்டும், அது அவர்களின் கடமை, தயங்காமல் கேளுங்கள். என் மனைவி ஒவ்வொரு நாள் காலையிலும் அன்றைய பாதையில் இருக்கிற பங்க்குகளை மேப்பில் குறித்துக்கொண்டுதான் கிளம்புவார், பெண்கள் போகிற குழு எதுவும் இதைச் செய்ய வேண்டும்.

சக்கரம், வால்வு, முள்

சைக்கிள் எது என்பதற்கு இவ்வளவு நேரம் வராததற்குக் காரணம், எடை 12 கிலோவுக்குள் வந்துவிட்டால் எந்த நல்ல சைக்கிளும் போதும் என்பதுதான். கியர் இல்லாத பழைய கறுப்பு சைக்கிளும் போகும், தானே 20 கிலோ வரும் என்றாலும் சமதரையில் அதன் கேரியரும் ஸ்டாண்டும் வேறெதிலும் கிடையாது. புதிதாக வாங்குகிறவர் முன்னால் ஸ்பிரிங் ஷாக் இல்லாத எம்டிபியோ, ரோடு பைக்குக்கும் எம்டிபிக்கும் நடுவான ஹைப்ரிடோ வாங்கலாம். இரண்டில் எது என்றால் டயரைப் பார்த்து முடிவு செய்யுங்கள். ஹைப்ரிடில் 700சி சக்கரம், தாருக்கு லேசாக ஓடும், ஆனால் அதன் டயரும் டியூபும் பெரிய ஊரில்தான். ஊர்ப்புறக் கடையில் தொங்குகிற 28 அங்குல டயர் பார்க்க அதே அளவாகத் தெரியும், மாட்டாது, ரிம் விட்டம் 635 மில்லிமீட்டர், 700சிக்கு 622. எம்டிபியின் 26 அங்குல டயர் சின்ன ஊரிலும் கிடைக்கும், அதிலும் லேடீஸ் சைக்கிளின் 26 வேறு, எம்டிபியின் 26 வேறு, அளவை எண்ணோடு சொல்லிக் கேளுங்கள். நான் 26ஐத்தான் தேர்ந்தெடுப்பேன்.

வால்வு பைக், கார் மாதிரித் தடித்ததாக இருந்தால் எந்தப் பங்க்கிலும் காற்று அடிக்கலாம். ஒல்லியான பிரெஸ்டா வால்வு என்றால் சுண்டு விரல் நகம் அளவு பித்தளை அடாப்டர் ஒன்று வேண்டும், இரண்டாக வாங்கி ஒன்றை வால்விலேயே திருகி வைத்துவிடுங்கள்.

அப்புறம் முள். தொண்டியிலிருந்து தூத்துக்குடி வரை சாலை ஓரமெல்லாம் சீமைக்கருவேலம், வெட்டிப்போட்ட கிளையிலிருந்து முள் தாரின் விளிம்பு வரை சிதறியிருக்கும். இங்கே தடிமனான, முள் தாங்குகிற டயரா, சாதாரண டயருக்குள் பழைய டியூபைக் கிழித்து மெத்தை மாதிரிப் போடுவதா என்று இரண்டு வழி. தடித்த டயர் விலை அதிகம், ஆனால் ஒரு முறை மாட்டினால் கவலையில்லை. பழைய டியூப் வழி காசில்லாதது, சக்கரத்துக்கு 150 கிராம் கூடும், கொஞ்சம் மந்தமாக ஓடும். இரண்டாவது பயணத்தில் என் சைக்கிளில் தடித்த டயர், மனைவியின் சைக்கிளில் டியூப் மெத்தை. எனக்கு ஒரு பஞ்சர், அவருக்கு இரண்டு. மெத்தையே போதும் என்பது அவர் கட்சி, நானும் ஒப்புக்கொள்கிறேன். எப்படியிருந்தாலும் டீ குடிக்க நிற்கும்போது டயரை ஒரு சுற்று பாருங்கள், நுனி மட்டும் ஏறிய முள்ளை அங்கேயே நகவெட்டியால் பிடுங்கலாம். பஞ்சர் ஒட்டிய பிறகு டயரின் உள்பக்கம் ஒரு துண்டு பஞ்சைத் தடவிக்கொண்டே போங்கள், முள் எங்கே ஒளிந்திருக்கிறதோ அங்கே பஞ்சு மாட்டும், விரலால் தேடினால் விரல்தான் கிழியும்.

மாற்று டியூப் இரண்டு, ஒட்டும் சொல்யூஷன், துண்டு ரப்பர், கைப்பம்ப், டயர் நெம்பி, செயின் வெட்டி, அலன் கீ, உங்கள் சக்கர அளவுக்கு மூன்று ஸ்போக். ஸ்போக்கைச் சட்டத்தோடு டேப் போட்டு ஒட்டிவிட்டால் இருப்பதே தெரியாது.

துணியில் ஒப்பிட ஒன்றுமில்லை. மிதிக்க இரண்டு செட், ராத்திரிக்கு ஒன்று, லுங்கி ஒன்று, ஈரிழைத் துண்டு ஒன்று. ஸ்லீப்பிங் பேக் வேண்டாம், போர்வை போதும். லுங்கி குளிக்க, படுக்க, வெயிலில் தலையில் கட்ட, கூடாரத்தில் தலையணையாக மடிக்க எல்லாவற்றுக்கும் ஆகும். விடியும் முன் கிளம்புவதால் முன்விளக்கும் பின்னால் சிவப்பு விளக்கும் ஒளிர்பட்டைச் சட்டையும் கட்டாயம், கடற்கரைச் சாலையில் பேருந்துகள் அந்த நேரத்தில் வேகமாக வரும்.

திரும்பி வர ரயிலா பஸ்ஸா என்பதில் நான் ரயில் பக்கம். கன்னியாகுமரியிலோ நாகர்கோவிலிலோ பார்சல் அலுவலகத்தில் அடையாள அட்டை நகலோடு சைக்கிளை அதே ரயிலில் ஏற்றச் சொல்லிப் பதிவு செய்யலாம். ரயில் கிளம்ப மூன்று மணி நேரம் முன்னால் போய்விடுங்கள். பெடலைக் கழற்றி, ஹேண்டிலையும் கியரையும் அட்டை சுற்றிக் கட்டி, பெயரும் போய்ச் சேரும் ஊரும் இரண்டு இடத்தில் எழுதி ஒட்ட வேண்டும். ஆம்னி பஸ்ஸில் டிக்கியில் படுக்க வைத்தால் மேலே எந்த மூட்டை விழும் என்று தெரியாது.

இவ்வளவையும் காகிதத்தில் முடிவு செய்த பிறகு ஒரு சனிக்கிழமை எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு மாமல்லபுரம் வரை 60 கி.மீ. மிதித்துப் போய், தெரிந்தவர் வீட்டு மொட்டை மாடியிலோ தோட்டத்திலோ கூடாரம் போட்டு ஒரு ராத்திரி படுத்துவிட்டு ஞாயிறு திரும்பி வாருங்கள். வந்ததும் பையைத் தரையில் கொட்டுங்கள். பழுது சாமானையும் மருந்தையும் ஒதுக்கிவிட்டு, அந்த இரண்டு நாளில் கை படாத ஒவ்வொன்றையும் பீரோவுக்குள் வைத்துப் பூட்டிவிடுங்கள். எங்கள் வீட்டில் அப்படிப் பூட்டியது மூன்று கிலோ இருந்தது, அதில் இரண்டு கிலோ என்னுடையது.